கார்டமம் பாய்ஸில் பாடிய பெண்

இந்த மாலைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் மன்றத் தலைவரும், மாதந்தோறும் என் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஓடுதுண்ணே, பயப்படாதீங்க" என்று சொல்லியனுப்பும் அன்பு மருத்துவருமான ஈஸ்வர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! குரங்கணியிலிருந்தும் போடிமெட்டிலிருந்தும் ஜீப்பு பிடித்து இறங்கி வந்து, விரலில் ஏலக்காய்க் கறையோடு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! எனக்குப் பின்னால் வாத்தியங்களைக் கட்டி வைத்துக்கொண்டு, இந்தக் கிழவன் எப்போது முடிப்பான் என்று காத்திருக்கும் இசைக்குழுத் தம்பிகளே, தங்கைகளே! முதல் வரிசையில், நாற்காலி வண்டி வேண்டாமென்று பிடிவாதம் பிடித்து, மகள் சுரையாவின் தோளைப் பற்றியபடி நடந்து வந்து உட்கார்ந்திருக்கும் என் வாலிபத்தின் வலக்கரமே, கிடார்க் கலைஞனே, என் நண்பன் பக்கீர் முகம்மதே! உங்கள் எல்லாருக்கும் விஜயபாண்டியின் பணிவான வணக்கம்.

கைதட்டுகிறீர்கள். பக்கீருக்குத் தட்டியது நியாயம். எனக்குத் தட்டியதைக் கொஞ்ச நேரம் பொறுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மனம் இருந்தால் தட்டலாம்.

எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சுவரொட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். "அறுபதுகளின் இசையும் அழியாத இளமையும்." டாக்டர் நேற்றுப் பேசும்போது, "அண்ணே, சிரிக்கச் சிரிக்கப் பேசுங்க, வயசானவுகதான் நெறைய வர்றாக, மனசு லேசாகணும்" என்றார். மனசை லேசாக்குவது எனக்குக் கைவந்த கலை. ஐம்பது ஆண்டு மேடையில் அதைத்தானே செய்தேன்? இன்றும் செய்யத்தான் வந்தேன். மேடைப் படியில் கால் வைக்கும்போது ஒரு போன் வந்தது. வந்ததும் முடிவை மாற்றிக்கொண்டேன். யாருடைய போன் என்பதைச் சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்க வந்த இளமையைக் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. எனக்கு இருபது. பக்கீருக்கு இருபத்தொன்று. நம்மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. கடைக்குள்ளே ஒரு பலகை. பலகையிலே ஒரு ரேடியோ. அந்த ரேடியோவிலே இலங்கை! காலையில் தமிழ்ப் பாட்டு, மதியத்தில் தமிழ்ப் பாட்டு, அதற்கு நடுவிலே அரை மணி நேரம் இங்கிலீஷ் பாட்டு. கடைக்காரர் அந்த அரை மணிக்கு மட்டும் ரேடியோவை அணைக்கப் போவார். நாங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவோம். அர்த்தம் தெரியுமா? தெரியாது. யார் பாடுகிறார் தெரியுமா? தெரியாது. தெரியாத தேசத்தில், தெரியாத மொழியில், எங்கள் வயதுப் பையன்கள் நாலு பேர் கிடாரைத் தட்டிக்கொண்டு கத்துகிறார்கள். அவ்வளவுதான் தெரியும். அது போதாதா? கால் நிற்குமா? தோள் நிற்குமா? பஞ்சர் ஒட்ட வந்த பெரியவர்கூடத் தலையாட்டிக்கொண்டு நிற்பார்!

அங்கே யாரோ விசிலடிக்கிறீர்கள். அடியுங்கள் ஐயா, உங்களுக்கு எழுபது இருக்குமா? அந்த விசிலுக்கு மட்டும் இருபதுதான்.

பக்கீரின் அத்தா ஜவுளிக்கடை வைத்திருந்தார். பக்கீர் அந்தக் கடையிலேயே துணி வெட்டி, காலோடு ஒட்டினாற்போல் ஒரு குழாய் பேண்ட் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தான். அத்தா ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டா, இத மாட்டிக்கிட்டுத் தொழுகையில எப்படிடா மண்டி போடுவ?" என்றார். ஒரே கேள்வி! பக்கீர் அன்றைக்குப் பள்ளிவாசலுக்கு வேட்டியிலே போனான். சிரிக்கிறான் பாருங்கள், முன்வரிசையில். சிரிடா, சிரி.

மலையில் எஸ்டேட் கிளார்க்காக இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய கிடாரைப் பக்கீர் வாங்கினான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. காதால் கேட்டான், கையால் தேடினான், விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி தேடினான். மூன்று மாதத்தில் கண்டுபிடித்தான். இந்த மண்ணிலே அப்படியொரு கைக்காரன் அதற்குப் பிறகு பிறக்கவில்லை. நான் சோடி மேளம் வாசித்தேன். பாங்கோஸ் என்பார்கள். சுமாராகத்தான் வாசித்தேன். ஆனால் என் வாய் இருக்கிறதே! ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்வது என் வேலை. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், போனார்கள். நிலையாக நின்றது நாங்கள் இருவர். குழுவுக்குப் பெயர் வைத்தோம். கார்டமம் பாய்ஸ்!

ஏலக்காய்ப் பையன்கள்! சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் கல்லூரி விடுதி அதிரும்.

அந்த ஆண்டு மார்கழியில், போடிமெட்டுக்கு மேலே இருந்த ஒரு எஸ்டேட்டின் ஆண்டு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஜீப்பிலே போனோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கிடாரைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டான் பக்கீர். மதியம் ஏலக்காய் ஸ்டோரில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். சுற்றிலும் பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இங்கிலீஷ் பாட்டு. பக்கீர் வாசிக்கிறான், நான் தட்டுகிறேன், நடுவில் ஓரிடத்தில் சறுக்குகிறது. மறுபடி. மறுபடியும் சறுக்குகிறது. அப்போது மூலையிலிருந்து ஒரு குரல்.

"அண்ணே, அந்த எடத்துல நீங்க தப்பாப் போறீக."

திரும்பிப் பார்த்தால், பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண். மடியில் முறம். தலையில் துண்டு. பக்கீருக்குக் கோபம். "எந்த எடத்துல தாயி? நீ கொஞ்சம் பாடிக் காட்டேன், பாப்போம்" என்றான் கிண்டலாக.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். பாடினாள்.

என்னவென்று சொல்வேன்? எப்படியென்று சொல்வேன்? இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாத பெண், அந்தப் பாட்டை முதலிலிருந்து முடிவு வரை பாடினாள். மேனேஜர் பங்களாவில் பாத்திரம் தேய்க்கப் போகும்போது ரெக்கார்டிலே கேட்டாளாம். சன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டு, ஒலியை மட்டும் அப்படியே உள்ளே இறக்கி வைத்திருந்தாள். சொல்லாக இல்லை, சத்தமாக. அந்தச் சத்தத்திலே ஓர் ஏக்கம் இருந்தது பாருங்கள், அது அந்த ரெக்கார்டிலே இல்லை. அவளிடம் இருந்தது. ஸ்டோரில் முறங்களெல்லாம் நின்றுவிட்டன. பக்கீர் கிடாரின் மேல் கையை வைத்தபடி அசையாமல் இருந்தான். பாட்டு முடிந்ததும் கேட்டான்.

"உன் பேரென்ன தாயி?"

"ராக்கு."

"எங்க கூடப் பாடுறியா?"

"கார்டமம் பாய்ஸ்னு போட்டிருக்கே. நான் பாய்ஸா அண்ணே?"

அன்று மாலையே பாடினாள். அந்த மேனேஜர் ஒரு சங்கீதப் பித்தர். பெரிய சக்கரம் சுற்றும் டேப் ரெக்கார்டர் ஒன்று வைத்திருந்தார். அவள் பாடிய நாலு பாட்டையும் பதிவு செய்து, அந்த டேப்பைக் குழுவுக்கே கொடுத்துவிட்டார். என்னிடம்தான் கொடுத்தார். நான்தானே மைக்கைப் பிடித்தவன்!

அவள் தகப்பன் பெயர் ஜக்கையன். எஸ்டேட்டில் மரம் கவாத்து செய்பவர். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கிறதே, லயம் என்பார்கள், அதில்தான் குடியிருப்பு. தாயில்லாத பெண். முதலில் மறுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், பக்கீரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. "தம்பி, நீங்கதான் வந்து கூட்டிட்டுப் போகணும். நீங்கதான் கொண்டாந்து விடணும். பொழுது சாயறதுக்குள்ள புள்ள லயத்துல இருக்கணும்." நான் அவர் கையைப் பிடித்து, "என் தங்கச்சி மாதிரி" என்றேன். எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்!

ஏழு மாதம். பதினான்கு கச்சேரி. கல்யாண வீட்டில் பாடினாள், கல்லூரியில் பாடினாள், தேனியில் பாடினாள், கம்பத்தில் பாடினாள். தமிழ்ப் பாட்டைப் பாடினால் தாய்மார்கள் அழுதார்கள். இங்கிலீஷ் பாட்டைப் பாடினால் பையன்கள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். நான் ஒவ்வொரு முறையும் மைக்கில் முழங்குவேன்: "மலை தந்த மணம் ஏலம், மலை தந்த குரல் ராக்கு!" அதற்கு ஒரு கைதட்டல். அந்தக் கைதட்டலில்தான் நான் பேச்சாளனானேன்.

ஊர் சும்மா இருக்குமா? அறுபத்தெட்டிலே ஒரு பெண், ஆண்களோடு ஜீப்பில் போய், மேடையில் நின்று, இடுப்பிலே கை வைத்துப் பாடினால் ஊர் சும்மா இருக்குமா? வேலுத்தாய் என்று ஓர் அத்தை அவளுக்கு. மகனுக்கு ராக்குவைப் பேசி வைத்திருந்தவள் பேச்சை முறித்தாள். "மேடையேறுனவ எங்க வீட்டுப் படியேற வேணாம்" என்றாள். நாங்கள் பயந்துபோய் ராக்குவிடம் கேட்டோம், "நிறுத்திக்கிருவோமா?" என்று. ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "பாடும்போதுதாண்ணே நான் ஒரு ஆளா இருக்கேன். மத்த நேரமெல்லாம் காய் பொடைக்கிற மொறந்தான்."

மன்னிக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம் தம்பி, வைத்துவிடு. பேச முடிகிறது.

ஆடி மாதம் ஒரு கடிதம் வந்தது. சென்னையில் ரெக்கார்டு போடும் கம்பெனிக்காரர் ஒருவர், கம்பத்துக் கச்சேரியைக் கேட்டவர். இன்ன தேதியில் குரல் பார்க்க வரவும் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நம்மூர் நிலையத்தில் காலை ரயில். மதுரை போய், அங்கிருந்து சென்னை. ராக்குவிடம் சொன்னோம். அவள் அப்பாவிடம் சொன்னாள். "பொழுது சாயறதுக்குள்ள திரும்புவியா?" என்று கேட்டார் ஜக்கையன். "மெட்ராசுக்குப் போய்ட்டு எப்படிப்பா அன்னைக்கே வர?" என்றாள். "அப்ப எறங்குனா ஏறாத" என்றார். இறங்கினாள். எங்களை நம்பி இறங்கினாள்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் பக்கீரின் அத்தா கடையிலேயே விழுந்துவிட்டார். ஒரு பக்கம் கைகால் வரவில்லை. கடைச் சாவி பக்கீரின் கைக்கு வந்துவிட்டது. மருத்துவமனை வாசலில் நின்று என்னிடம் சொன்னான். அவன் சொன்ன சொல் ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. "மாப்ளே, நான் வர முடியாது. நீ ராக்குவக் கூட்டிட்டுப் போ. அவ கொரலுக்குத்தான் கூப்பிட்டிருக்காக, என் கிடாருக்கு இல்ல. நீ கூட நின்னாப் போதும்."

கூட நிற்பது. பாடுவது அல்ல, வாசிப்பது அல்ல. கூட நிற்பது! அதுதான் எனக்கு இடப்பட்ட வேலை.

போனேன். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். வெளியில் நின்று பார்த்தேன். பெஞ்சிலே ராக்கு. பச்சைப் புடவை. மடியில் துணிப்பை. என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பத்தடி தள்ளி என் சித்தப்பா மொக்கச்சாமி நின்றார். பார்சல் ஆபீசில் வேலை. ஏல மூட்டைகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் பார்ப்பார். வீட்டில் சொல்வார். எங்கள் தெருவுக்குள் லயத்துப் பெண் நிழல்கூட வரக்கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு. "விஜயபாண்டி மலைக்காரப் பொண்ண இழுத்துக்கிட்டு ஓடிட்டான்" என்று நாளை ஊர் பேசும். அந்த வாரம்தான் எனக்கு அரசாங்க வேலைக்கு உத்தரவும் வந்திருந்தது.

எண்ணிப் பாருங்கள். அவள் எதை விட்டுவிட்டு வந்தாள்? கூரையை, தகப்பனை, பேசி வைத்த மாப்பிள்ளையை. நான் எதை விட வேண்டியிருந்தது? சித்தப்பாவின் பார்வையை. ஒரு பார்வையை! அதைத் தாங்க முடியவில்லை எனக்கு. திரும்பி நடந்தேன். மெதுவாக நடக்கவில்லை, வேகமாக நடந்தேன். பின்னால் ரயில் ஊதியது. ஊதினால் ஊதட்டும் என்று நடந்தேன்.

என்னம்மா? அங்கிருந்து ஏதோ கேட்கிறீர்கள். "போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்கிறீர்களா? சொல்லியிருக்கலாம் தாயே. "நான் வரல, வீட்டுக்குப் போ" என்று நாலு சொல். ஊருக்கெல்லாம் சொல் விற்ற எனக்கு அந்த நாலு சொல் வரவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பா சொன்னார்: "ஒரு மலைக்காரப் புள்ள, காலையிலேர்ந்து பையோட ஒக்காந்திருந்துச்சு. யாரும்மா வரணும்னு கேட்டேன். வந்துருவாகன்னு சொல்லுச்சு. சாயங்கால ரயிலும் போயிருச்சு. அப்புறமா எந்திரிச்சு முந்தல் பக்கமா நடந்து போச்சு." நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன்.

அவ்வளவு மலையையும் நடந்தே ஏறியிருக்கிறாள். ஜக்கையன் கதவைத் திறக்கவில்லை என்று பிறகு ஜீப்பு டிரைவர்கள் சொன்னார்கள். அவள் கேரள எல்லை தாண்டிப் பூப்பாறைப் பக்கம் போய், வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாளாம்.

இனி நான் சொல்லப் போவது இந்தக் கூட்டத்துக்கு அல்ல. முன்வரிசையில் இருக்கும் ஒருவனுக்கு.

பக்கீர்! மறுநாள் மருத்துவமனையில் நீ என்னைப் பார்த்து, "ஏண்டா போகல?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "ராக்கு வரலடா. ரயில் வர்ற வரைக்கும் நின்னு பாத்தேன். அவ வரவே இல்ல" என்று சொன்னேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். "நம்ம மேல நம்பிக்கையில்ல போல" என்றாய்.

பக்கீர், அவள் வந்தாள். நான்தான் வரவில்லை.

இதை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை முறை உன் கடைக்கு வந்தேன்! எத்தனை தேநீர் குடித்தோம்! உன் நிக்காஹ்வுக்கு நான்தான் வரவேற்புப் பேசினேன். சுரையா பிறந்தபோது முதலில் தூக்கியவன் நான். ஒருமுறைகூட வாய் வரவில்லை. அந்த ரயில் போன ஆறாம் மாதம் நீயே சொன்னாய்: "மாப்ளே, ராக்கு கடை வாசல்ல வந்து நின்னா. ஒரு மணி நேரம் நின்னா. வராதவளோட எனக்கென்ன பேச்சுன்னு நான் உள்ள போயிட்டேன்." அப்போதாவது சொன்னேனா? "விடுறா, அவ கெடக்குறா" என்றேன். உன் முகத்தை அவளிடமிருந்து திருப்பியது உன் கழுத்தல்ல, பக்கீர், என் பொய்!

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "அண்ணே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முடித்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறார். டாக்டர், உடம்பு நன்றாக இருக்கிறது. அதுதான் கொடுமை. இன்னும் ஓடுகிறது.

கடந்த தை மாதம் பூப்பாறைத் தமிழர்கள் பொங்கல் விழாவுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். பேசி இறங்கினேன். ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தாள். பெயர் ஜோதி. "ஐயா, எங்கம்மாவுக்கு உங்களத் தெரியும்" என்றாள். "எம் மக ரோஜா உங்க பேச்ச போன்ல போட்டுக் கேட்டுக்கிட்டிருந்துச்சு. படுக்கையில கெடந்த எங்கம்மா, இந்தாள எனக்குத் தெரியும், நல்லாப் பேசுவாரு, பேச மட்டுந்தான் செய்வாருன்னு சொல்லுச்சு" என்றாள். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சொன்னாள் அந்தப் பிள்ளை! அம்மா பெயர் கேட்டேன். ராக்கு என்றாள். எங்கே இருக்கிறாள் என்றேன். நாலு வருசமாச்சு ஐயா, தவறிப் போயிருச்சு என்றாள்.

நான் கேட்டேன்: "அம்மா பாடுவாங்களா தாயி?"

ஜோதி சிரித்தாள். "எங்கம்மாவா? நீங்க வேற ஆளச் சொல்றீக. எங்கம்மா வீட்டுல ரேடியோ வைக்க விடாது. பக்கத்து லயத்துல பாட்டுப் போட்டாக் கதவச் சாத்திரும். எங்களத் தொட்டில்ல போட்டு ஆராரோகூடச் சொன்னதில்ல. முதுகுலதான் தட்டும். சத்தமில்லாமத் தட்டிக்கிட்டே இருக்கும்."

ஐயா, பெரியோர்களே! உங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துப் பாட்டைக் கேட்டால் காதல் நினைவு வருகிறது, கல்லூரி நினைவு வருகிறது. எனக்கு என்ன வரும், சொல்லுங்கள்? ஒரு தாய், பாட்டு தொண்டைவரை வந்து முட்ட, வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் முதுகைத் தட்டுகிறாளே, அந்தச் சத்தம்தான் வருகிறது! என் இளமை அழியாத இளமையா? அழிந்து தொலைந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அவளிடம் சொன்னேன். உன் அம்மா பாடினாள், ஊரே கேட்டது என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாவா ஐயா? ரெக்கார்டு ஏதும் இருக்கா? ஒரு தடவ கேட்டாப் போதும்" என்றாள்.

நான் சொன்னேன்: "தேடிப் பாக்குறேன் தாயி."

தேடுவதற்கு என்ன இருக்கிறது? அந்த டேப்பு என்ன ஆனதென்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுபத்தொன்றில் எனக்கு முதல் பெரிய மேடை கிடைத்தது. என் பேச்சைப் பதிவு செய்துகொள்ள ஆசை. ரெக்கார்டர் இரவல் கிடைத்தது. புது டேப்பு கிடைக்கவில்லை. வீட்டில் ஒன்று இருந்தது. எதன் மேல் பதிவு செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன். அவள் குரலைக் கேட்டால் தூக்கம் போகிறது, அழிந்தால் நல்லது என்று நினைத்தே செய்தேன். முக்கால் மணி நேரப் பேச்சு. நாலு பாட்டும் போயிற்று. பக்கீர், நீ பலமுறை கேட்டாய் அந்த டேப்பை. பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். பூஞ்சை நான்தான்.

ஆகவே, நீங்கள் ஐம்பது ஆண்டாகக் கைதட்டிய இந்தக் குரல், அவள் குரலுக்கு மேலே எழுந்து நின்ற குரல். அதைத் தெரிந்துகொண்டு தட்டுங்கள்.

ஞாயிறு தோறும் ஜோதி போன் செய்கிறாள். "கெடைச்சுதா ஐயா?" இன்றைக்கு ஞாயிறு. படியில் கால் வைத்தபோது வந்தது அவள் போன்தான். "கிடைக்கவில்லை தாயி, அடுத்த வாரம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த வாயோடு இங்கே வந்து அழியாத இளமையைப் பேச வேண்டுமா? பேச மாட்டேன். இன்றோடு மேடையை விடுகிறேன். இந்தப் பொன்னாடையை மேசையின் மேல் வைக்கிறேன். அந்த டேப்பில் நான் பேசியது என்ன தெரியுமா? பெண்ணின் பெருமை!

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன். இந்த அரங்கில் முந்நூறு பேர் இருக்கிறீர்கள். எழுபதைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர். கல்லூரியிலோ, கல்யாண வீட்டிலோ, தேனியிலோ, கம்பத்திலோ ராக்கு பாடிக் கேட்டவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். ஒருவராவது தூக்குங்கள். டேப்பு இல்லை. கேட்ட காது இருந்தால் அதையாவது அந்தப் பிள்ளையிடம் கொண்டுபோய்க் காட்டலாம்.

இல்லையா? அந்தப் பக்கம்? தாய்மார்கள் பக்கம்? பின்னால்?

யாருமில்லை. எல்லாரும் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

இருக்கிறது. ஒரு கை இருக்கிறது. முன்வரிசையில்.  விரல் மடங்கிப் போன கை.

பக்கீர், கையைக் கீழே போடு. உன்னை நான் கேட்கவில்லைடா. உன்னைக் கேட்க எனக்கு முகமில்லை.

எழுந்திருக்கிறான். தம்பி, அவன் பக்கத்தில் இருக்கும் மைக்கைக் கொடு. வேண்டாமா? சரி. சத்தமாகவே சொல்கிறான். என்னைப் பார்க்காமல் மகளிடம் சொல்கிறான், எனக்குக் கேட்கிறது. "சுரையா, அந்தப் புள்ள ஜோதி எந்த ஊருன்னு சொன்னாரு இவரு?"

இவரு. ஐம்பத்தெட்டு வருடமாக மாப்ளே என்று கூப்பிட்ட வாய்.

பூப்பாறை, பக்கீர். பூப்பாறையில் பஸ்சு நிற்குமிடத்திலிருந்து மேலே, மூன்றாவது லயம். என் போனில் அவள் நம்பர் இருக்கிறது. சுரையா, இந்தா தாயி, போனையே எடுத்துக்கொண்டு போ. அத்தாவை மெதுவாகக் கூட்டிப் போ. படி இருக்கிறது, பார்த்து. ஐயா, கதவுப் பக்கம் நிற்பவர்களே, அவனுக்கு வழி விடுங்கள். மடங்கிப் போனாலும் அவன் விரலுக்கு அந்த நாலு பாட்டும் தெரியும். இன்னும் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அதையாவது கேட்கக் கொடுத்து வைத்திருக்கட்டும்.

போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை.

இசைக்குழுத் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் நேரத்தைத் தின்றுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தலைவர் அவர்களே, மகிழ்ச்சியான மாலையைக் கெடுத்தவனை நாளைக்கும் மருத்துவமனைக்குள் அனுமதியுங்கள். தாய்மார்களே, முகம் சுளிக்காமல் கடைசி வரை கேட்டீர்களே, அதற்கு என் நன்றி. கேட்கும்போது உங்களில் யாருக்காவது ஒரு பெண்ணின் முகம் நினைவுக்கு வந்திருந்தால், இன்றே போய்ப் பாருங்கள். நாலு வருடம் தாமதமாகப் போனவன் சொல்கிறேன்.

கைதட்ட வேண்டாம் என்று சொல்லவே தேவையில்லாமல் அமைதியாக இருக்கிறீர்கள். அந்த அமைதிக்கு என் தலை தாழ்ந்த வணக்கம்.